பாதித் துணி அங்கே, பாதித் துணி இங்கே



சென்ற இதழில் லண்டன் டவர் கோட்டைக்குள் போய், தலையைப் பறிகொடுத்த ராணிகளின் கதையைப் பார்த்தோம். அதைப் படித்த ஒரு வாசகி, "கிரீடம், சிம்மாசனம், வெட்டுக்கத்தி, இவ்வளவுதானா இங்கிலாந்துச் சரித்திரம்? நம்மைப் போல அடுப்பும் பிள்ளையுமாக இருந்தவர்கள் அந்த ஊரில் கிடையாதா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால் இந்த முறை அரண்மனை வேண்டாம். குழந்தைகளுக்காகக் கட்டிய ஒரு கட்டடத்துக்குப் போவோம், வாருங்கள்.

அதற்குப் பெயர் பவுண்ட்லிங் ஹாஸ்பிடல். பெயரைக் கேட்டதும் மருந்து வாசனை வீசும் ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஹாஸ்பிடல் என்றால் தர்ம விடுதி என்றும் பொருள். பவுண்ட்லிங் என்றால் கண்டெடுத்த குழந்தை. பெற்றவள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளை எடுத்து வளர்த்த இடம் அது. அதைக் கட்டியவர் ராஜாவும் இல்லை, பிரபுவும் இல்லை. ஒரு கப்பல்காரர்!

கப்பல்கார மாமா

அவர் பெயர் தாமஸ் கோரம். 1668-இல் இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். பதினோரு வயதிலேயே கப்பலேறிவிட்டார். அப்புறம் கப்பல் கட்டும் தச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டு அமெரிக்கா போனார். அங்கே பாஸ்டன் நகரத்துப் பெண் யூனிஸ் என்பவரை 1700-இல் மணந்தார். 1704-இல் ஊர் திரும்பி, லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதிக்கரையில் குடியிருந்தார்.

அங்கிருந்து வியாபார வேலையாக அவர் நகரத்துக்குப் போவது விடியற்காலையில், திரும்புவது இருட்டிய பிறகு. அந்தப் பாதையில் அவர் கண்ட காட்சிதான் இந்தக் கதைக்கே வித்து. குப்பைமேட்டிலும் சாலையோரத்திலும் பச்சைக் குழந்தைகள் கிடக்கும்! சில உயிரோடு, சில உயிர் போய், சில போகும் தறுவாயில். ஊரே பார்த்துக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தது.

குழந்தைகளைப் போட்டுவிட்டுப் போனவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரிகள் என்று நாம் சொல்லிவிடலாமா? கிராமத்திலிருந்து வீட்டு வேலைக்கு லண்டன் வந்த இளம் பெண்கள் ஏராளம். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்னவன் கம்பி நீட்டிவிடுவான். வயிறு தெரிந்ததும் எஜமானி வேலையிலிருந்து நீக்கிவிடுவாள். வேலை போனால் தங்க இடமும் போச்சு, சாப்பாடும் போச்சு. புருஷன் இறந்துபோன ஏழைப் பெண்களும் உண்டு. கையில் பிள்ளையோடு வருகிறவளுக்கு யார் வேலை தருவார்கள்? பிள்ளையை வைத்துக்கொண்டால் இருவரும் சாக வேண்டும். விட்டால் ஒருத்தியாவது பிழைக்கலாம். அந்த நிலைமைக்கு அவளைத் தள்ளிய ஆண்பிள்ளையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

கோரம் தம்பதிக்குப் பிள்ளை கிடையாது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நாம் சொல்வோம். தன் பிள்ளை என்று ஒன்று இல்லாமலே ஊரார் பிள்ளைகளுக்காகப் புறப்பட்டுவிட்டார் இந்த மனிதர். ஒரு விடுதி கட்ட வேண்டும், அதற்கு அரசரின் சாசனம் வேண்டும் என்று பெரிய மனிதர்களின் வாசல்படி ஏறினார். "இதெல்லாம் செய்தால் கெட்ட நடத்தைக்கு நாமே சலுகை கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, 17 வருஷம் நடையாய் நடந்தார்!

வழி திறந்தவர்கள் பெண்கள்

ஆண்களிடம் கேட்டுக் கேட்டுக் கால் தேய்ந்த கோரத்துக்கு, பெண்களிடம் கேட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை தோன்றியது. பிரபுக்களின் மனைவிமார்களைத் தேடிப் போய் மனுவில் கையெழுத்துக் கேட்டார். 1729-இல் முதல் கையெழுத்துப் போட்டவர் சாமர்செட் சீமாட்டி. 1735-க்குள் 21 சீமாட்டிகள் கையெழுத்திட்டார்கள். பெரிய இடத்துப் பெண்கள் கையெழுத்திட்ட பிறகு, அது வெட்கக்கேடான விஷயம் என்று யாரால் சொல்ல முடியும்? பெண்டாட்டிமார் போட்ட பிறகு கணவன்மாரும் வரிசையில் வந்தார்கள்.

எல்லாப் பெண்களும் இரக்கப்பட்டார்கள் என்று சொல்லவில்லை. 1737 டிசம்பரில் அரசகுமாரி அமேலியாவைப் பார்த்து மனுக் கொடுக்க அரண்மனைக்குப் போனவரை, அங்கிருந்த தோழிச் சீமாட்டி கடுஞ்சொல் சொல்லி விரட்டிவிட்டாராம். அதையும் துடைத்துப் போட்டுவிட்டு மறுபடியும் நடந்தார் மனுஷர்.

கடைசியில் 1739 அக்டோபர் 17-ஆம் தேதி இரண்டாம் ஜார்ஜ் மன்னர் சாசனம் கொடுத்தார். அப்போது கோரத்துக்கு வயது 71. அடுத்த வருஷம் ஓவியர் வில்லியம் ஹோகார்த் அவரைப் படமாக வரைந்தார். சிவப்புக் கோட்டு, பொய்முடி வைக்காத சொந்த நரைமுடி, கையில் சாசனத்தின் முத்திரை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நம் தெருக்கோடித் தாத்தாவைப் போலத்தான் இருப்பார். அந்தப் படம் இன்றும் லண்டனில் இருக்கிறது.

விளக்கை அணைத்துவிட்டு...

1741 மார்ச் 25-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, ஹாட்டன் கார்டன் என்ற பகுதியில் ஒரு வாடகை வீட்டில் கதவைத் திறந்தார்கள். வருகிறவள் முகம் யாருக்கும் தெரியக் கூடாது என்று வாசல் விளக்கை அணைத்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட, தொற்றுநோய் இல்லாத குழந்தையாக இருந்தால் போதும். யார், எவர் என்று ஒரு கேள்வி கிடையாது. நள்ளிரவுக்குள் 30 குழந்தைகள் சேர்ந்து வீடு நிரம்பிவிட்டது. இடமில்லை என்று மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்று அழுதவர்கள் இரண்டு வகை. பிள்ளையைக் கொடுக்க முடியாமல் திரும்பியவர்கள் ஒரு பக்கம். கொடுத்துவிட்டு வெறும் கையோடு திரும்பியவர்கள் இன்னொரு பக்கம். யார் அழுகை பெரிது என்று சொல்ல முடியவில்லை என்று அன்றைய குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கூட்டம் தாங்காமல் மறுவருஷமே சீட்டுக் குலுக்குவது போல ஒரு முறை கொண்டுவந்தார்கள். தாய்மார்கள் வரிசையாக வந்து ஒரு பைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால், குழந்தை நோயில்லாமல் இருந்தால் இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் வெளியே போக வேண்டியதுதான். ஒரு பந்தில் ஒரு உயிர்! இதை வேடிக்கை பார்க்கப் பட்டுப் பாவாடை சரசரக்கச் சீமாட்டிகள் வந்து உட்கார்ந்திருப்பார்களாம். தர்மம் செய்கிற இடத்திலும் இப்படி ஒரு கண்ணராவி.

ஹோகார்த்தும் ஹாண்டலும்

நகரத்துக்கு வெளியே புல்வெளியில் 56 ஏக்கர் நிலம் வாங்கி, 1742-இல் சொந்தக் கட்டடம் தொடங்கினார்கள். தியோடர் ஜேகப்சன் என்பவர் போட்ட திட்டம். செங்கல்லில் இரண்டு பக்கமும் இரண்டு நீண்ட கட்டடங்கள், நடுவில் ஒரு கோயில், முன்னால் பெரிய முற்றம். ஆடம்பரம் எதுவும் கிடையாது. 1745-இல் குழந்தைகள் குடியேறினார்கள்.

வெளியே எளிமை. உள்ளே போனால் நாட்டின் சிறந்த ஓவியங்கள்! ஹோகார்த் தான் வரைந்ததைத் தானமாகக் கொடுத்ததோடு, தெரிந்த ஓவியர்களை எல்லாம் கொடுக்கச் சொன்னார். படம் பார்க்கப் பணக்காரர்கள் வருவார்கள், வந்தால் பணம் கொடுப்பார்கள் என்ற சாமர்த்தியம்தான். பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய ஓவியக் கூடம் அந்த நாட்டில் முதலில் ஏற்பட்டது இங்கேதான் என்று சொல்வார்கள். ஆற்றில் விடப்பட்ட மோசேயை அரசகுமாரியிடம் கொண்டுவந்து நிறுத்தும் காட்சியை, நிர்வாகிகள் கூடும் அறைக்கென்றே ஹோகார்த் வரைந்தார். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! அவருக்கும் பிள்ளை இல்லை. அவரும் மனைவி ஜேனும் விடுதிக் குழந்தைகளைத் தங்கள் ஊருக்கு வரவழைத்துப் பராமரித்தார்கள்.

இசைமேதை ஹாண்டல் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவர் 1750-இல் தம் 'மெசையா' இசையை இந்த விடுதிக் கோயிலில் நடத்தினார். கூட்டம் அடங்காமல் அதே மாதத்தில் மறுபடியும் நடத்த வேண்டி வந்தது. பிறகு வருஷா வருஷம் நடந்தது. இந்தக் கச்சேரிகளால் குழந்தைகளுக்குச் சேர்ந்த பணம் ஏறக்குறைய 7,000 பவுண்டு! போகும்போது 'மெசையா'வின் நகல் ஒன்றையும் விடுதிக்கே உயில் எழுதிவிட்டுப் போனார்.

பிள்ளையில்லாத மூன்று ஆண்பிள்ளைகள் இவர்கள். பெற்றால்தான் பிள்ளையா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

டாக்டரின் கடிதம்

இங்கே இளம் தாய்மார்களுக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் தாயில்லாக் குழந்தைக்கு ரொட்டியைத் தண்ணீரிலோ பாலிலோ ஊறவைத்துக் கூழாக்கி ஊட்டுவார்கள். கைகால் அசைக்க முடியாதபடி துணியால் இறுக்கிச் சுற்றியும் வைப்பார்கள். குழந்தை தேறுமா?

1748-இல் டாக்டர் வில்லியம் கடோகன் என்பவர் இந்த விடுதியின் நிர்வாகி ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதம் சிறு புத்தகமாக வெளிவந்தது. தாய்ப்பாலைப் போல வேறொன்று இல்லை, குழந்தையை இறுக்கிக் கட்டாதீர்கள், தளர்ந்த லேசான உடை போடுங்கள், காற்றாட விடுங்கள், சுத்தமாக வையுங்கள், வாயில் எதையாவது திணித்துக்கொண்டே இருக்காதீர்கள் என்பதுதான் சாரம். பிள்ளை வளர்ப்பைப் பெண்களிடமே விட்டுவைத்தது தப்பு, அறிவுள்ள ஆண்கள்தான் இதைக் கவனிக்க வேண்டும் என்ற தோரணையும் அதில் இருக்கிறது. படித்தால் கோபம் வரத்தான் வருகிறது! ஆனாலும் சொன்ன விஷயம் சரியானது. இன்றைக்கு டாக்டர்கள் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று சொல்கிறார்களே, அந்தத் திசையில் எடுத்துவைத்த ஒரு பழைய அடி அது.

விடுதியின் அனுபவமும் அதையே காட்டியது. கூழ் ஊட்டி வளர்த்த பிள்ளைகளைவிட, பால் கொடுக்கும் செவிலித்தாயிடம் விட்ட பிள்ளைகள் அதிகம் பிழைத்தார்கள். அதனால் குழந்தை வந்த சில நாளிலேயே கிராமத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே செவிலித்தாய் சம்பளம் வாங்கிக்கொண்டு ஐந்து வயது வரை வளர்ப்பாள். அவள் ஒழுங்காக வளர்க்கிறாளா என்று பார்த்துக்கொள்ள அந்தந்த ஊரில் மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள். பல ஊர்களில் அந்தப் பொறுப்பைப் பெண்களே சம்பளம் இல்லாமல் ஏற்றுச் செய்தார்கள்.

பெரியம்மைக்கு ஜென்னரின் ஊசி வந்தது 1796-இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1740-களிலேயே, அம்மைப் பாலைக் குத்தித் தடுக்கும் பழைய முறையை இந்த விடுதிக் குழந்தைகளுக்குச் செய்துவிட்டார்கள். அரண்மனைப் பிள்ளைகளும் அம்மையில் செத்துக்கொண்டிருந்த காலம் அது!

நல்ல எண்ணமே வினையான கதை

எல்லாம் நன்றாகத்தானே நடந்தது என்று நினைக்கிறீர்களா? இனிமேல் சொல்லப்போவது வயிற்றைக் கலக்கும்.

1756-இல் பார்லிமெண்ட் பணம் தருகிறேன் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை: வருகிற குழந்தை எதையும் தள்ளக் கூடாது. கேட்க நல்ல நிபந்தனை! வாசலில் ஒரு கூடை தொங்கவிட்டார்கள். குழந்தையைப் போட்டுவிட்டு மணியை அடித்தால் போதும். 1756 ஜூன் 2-ஆம் தேதி, முதல் நாளிலேயே வந்தவை 117 குழந்தைகள்.

சேதி நாடு முழுக்கப் பரவியது. தூரத்து ஊர்களிலிருந்து கூலி வாங்கிக்கொண்டு குழந்தைகளைக் கூடையில் போட்டுக் குதிரைமேல் சுமந்துவரும் ஆட்கள் கிளம்பினார்கள். வழியிலேயே எத்தனையோ உயிர்கள் போயின. குற்றுயிராக வந்து சேர்ந்தவை வேறு. அத்தனை வாய்க்குப் பால் கொடுக்கச் செவிலித்தாய்களுக்கு எங்கே போவது? 1760 மார்ச்சில் நிறுத்தும் வரை, நாலு வருஷத்துக்குள், 14,934 குழந்தைகள் வந்தார்கள். வளர்ந்து தொழில் பழகப் போகும் வயது வரை உயிரோடு இருந்தவர்கள் சுமார் 4,400 பேர்தான்.

மனசு மட்டும் இருந்தால் போதாது, கையும் போதுமான அளவு இருக்க வேண்டும் என்று இதில் தெரிகிறது. நம் வீட்டில் நாலு பேருக்குச் சமைத்த சாதத்தை நாற்பது பேருக்குப் பரிமாறப் போனால் யாருக்கும் வயிறு நிறையாது. தர்மத்துக்கும் அளவு பார்த்து உலை வைக்கத்தான் வேண்டும்.

துண்டுத் துணி

இப்போது, தலைப்பில் சொன்ன துணிக்கு வருகிறேன்.

குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது குமாஸ்தா ஒரு தாளில் ஆணா பெண்ணா, வயது என்ன, உடம்பில் மச்சம் உண்டா, என்ன உடுப்பு என்று எழுதிக்கொள்வார். தாயின் பெயரைக் கேட்க மாட்டார். பின்னால் அவள் மனம் மாறியோ, நல்ல காலம் வந்தோ திரும்பி வந்தால், எது அவள் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சிலர் வளைத்த காசு வைத்தார்கள், சிலர் விரற்சிமிழ், சிலர் பொத்தான். ஒரு தாய் ஒரு கொட்டையின் ஓட்டை வைத்திருக்கிறாள். வைப்பதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை, பாவம்.

பெரும்பாலும் வைத்தது துணிதான். குழந்தையின் சட்டைக் கையிலிருந்தோ, தாயின் கவுனிலிருந்தோ ஒரு துண்டை வெட்டி அந்தத் தாளோடு குண்டூசியால் குத்தி, மடித்து முத்திரை வைத்துவிடுவார்கள். இப்படிச் சுமார் 5,000 துண்டுகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. பூப்போட்ட சீட்டி, கோடு போட்ட லினன், சிவப்பு ரிப்பன், நீல ரிப்பன்! ராணிகளின் பட்டைப் பாதுகாத்து வைக்க எத்தனையோ பேர் உண்டு. ஏழைப் பெண்கள் அன்றாடம் உடுத்திய துணி அந்த நாட்டில் இவ்வளவு தொகையாக வேறெங்கும் மிஞ்சவில்லை.

இந்தச் சீட்டியில் நமக்கும் ஒரு இழை உண்டு. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன பூச்சீட்டிகள் மேல் இங்கிலாந்துப் பெண்களுக்குக் கொள்ளை ஆசை. தங்கள் கம்பளி, பட்டு நெசவு படுத்துவிடும் என்று பயந்து, 1721-இல் சட்டம் போட்டு அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்றார்கள். ஆசை விடுமா? லினனிலும், லினனும் பருத்தியும் கலந்த துணியிலும் அதே மாதிரிப் பூக்களை அச்சடித்துக்கொண்டார்கள். அந்தத் துண்டுகளைப் பார்த்தால் நம் ஊர்ச் சீட்டிப் பாவாடை நினைவுக்கு வரும்.

குழந்தைக்குக் கழுத்தில் எண் போட்ட ஈய வில்லை கட்டி, புதுப் பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். முதல் முதலில் பெயர் வைத்த குழந்தைகளில் ஒருவனுக்குத் தாமஸ் கோரம் என்றும் ஒருத்திக்கு யூனிஸ் கோரம் என்றும் பெயர். பெற்றவள் வைத்த பெயர் அந்த வாசற்படியோடு சரி.

1741-லிருந்து 1760 வரை சேர்ந்தவர்கள் 16,282 குழந்தைகள். தாயோ உறவினரோ திரும்ப வந்து அழைத்துக்கொண்டுபோனது 152 பேரை மட்டும்தான். ஆனாலும் ஆயிரமாயிரம் அடையாளங்கள் காத்துக் கிடந்தன. பெற்ற மனம் பித்து அல்லவா?

சேரா பெண்டரின் இதயம்

திரும்பி வந்த ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். அவள் பெயர் சேரா பெண்டர். 1767 பிப்ரவரி 11-ஆம் தேதி சார்லஸ் என்ற தன் ஆண் குழந்தையை விட்டுவிட்டுப் போனாள். அடையாளமாக அவள் வைத்தது, சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு துணி. அதன்மேல் ஊசியால் ஒரு இதயம் தைத்திருந்தாள். அந்த இதயத்தைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை விடுதியில் கொடுத்துவிட்டு, மறு பாதியோடு போனாள்.

விடுதியில் பிள்ளைக்கு பெஞ்சமின் ட்விர்ல் என்று புதுப் பெயர். வருஷங்கள் போயின. 1775 ஜூன் 10-ஆம் தேதி அவள் திரும்பி வந்தாள். எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது! பிள்ளை உயிரோடு இருந்தான். தாயோடு போனான்.

அந்த எட்டு வருஷம் அவள் எந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தாளோ, எத்தனை முறை வீடு மாறினாளோ! அத்தனையிலும் கையகலத் துணியைத் தொலைக்காமல் வைத்திருந்த ஆசை எப்படிப்பட்டது என்று, பிள்ளையின் முதல் சட்டையை இன்னும் பெட்டியின் அடியில் வைத்திருக்கும் நமக்குச் சொல்ல வேண்டுமா?

இரண்டாம் பிரிவு

வளர்ந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? பையன்களைக் கப்பல் வேலை, விவசாயம், கைத்தொழில் பழக அனுப்பினார்கள். பெண்களுக்குத் தையலும் வீட்டு வேலையும். தொடக்கத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்களே தவிர எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. ஏழைப் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்ற எண்ணம்தான்.

என் மனசுக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஐந்து வயது வரை கிராமத்தில் அம்மா, அப்பா என்று ஒரு வீட்டில் ஓடியாடிய குழந்தையைத் திடீரென்று பிடுங்கிக்கொண்டுவந்து, மயிரை ஒட்ட வெட்டி, பழுப்பு நிறச் சீருடை மாட்டி, நீண்ட கூடத்தில் வரிசையில் படுக்க வைப்பார்கள். ஒரு முறை தாயை இழந்த பிள்ளை மறுபடியும் ஒரு தாயை இழந்தது! உணவும் உடையும் மருந்தும் யோசித்து யோசித்துக் கொடுத்தவர்களுக்கு, மடி என்று ஒன்று வேண்டும் என்பது மட்டும் 1950-கள் வரை புரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டமும் கடுமையானது. மணமாகாத பெண்ணின் முதல் குழந்தைக்கு மட்டுமே இடம். அவள் ஆண்கள் நிறைந்த குழுவின் முன் நின்று, இதற்கு முன் தான் நல்ல நடத்தை உள்ளவள் என்று நிரூபிக்க வேண்டும். முதல் இரவு விளக்கை அணைத்து முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்ட வாசலா இது என்று தோன்றுகிறது. பக்கத்துத் தெருவில் 1837-லிருந்து 1839 வரை குடியிருந்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இந்தக் கோயிலுக்கு வருவது வழக்கம். 'லிட்டில் டாரிட்' நாவலில் டாட்டிகோரம் என்ற விடுதிப் பெண்ணை அவர் படைத்தார். தர்மம் செய்கிறோம் என்ற நினைப்போடு வளர்க்கப்படும் பிள்ளையின் மனக் கொதிப்பை அவள் வழியாகக் காட்டினார்.

கோரமும் கட்டடமும்

கோரத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டதைப் பளிச்சென்று சொல்லும் சுபாவம் அவருக்கு. நிர்வாகத்தைப் பற்றிக் குறை சொன்னார் என்று 1742-இல் நிர்வாகக் குழுவிலிருந்தே விலக்கிவிட்டார்கள்! மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். கையில் காசும் இல்லை. ஆனாலும் விடுதிக்கு வந்து, தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து இஞ்சி ரொட்டியை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பாராம். 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அவர் ஞானத் தகப்பன். 1751 மார்ச் 29-ஆம் தேதி காலமானார். அவர் உடலை அந்தக் கோயிலில்தான் அடக்கம் செய்தார்கள்.

கட்டடத்தை 1926-இல் விற்றுவிட்டு, குழந்தைகளை வெளியூருக்குக் கொண்டுபோனார்கள். பழைய கட்டடத்தை இடித்தாகிவிட்டது. 1935-இல் பெர்க்கம்ஸ்டெட் என்ற ஊரில் புது விடுதி. 1950-களில் அதையும் மூடி, பிள்ளைகளைக் குடும்பங்களில் வைத்து வளர்க்கும் முறைக்கு மாறினார்கள். கோரம் பெயரிலேயே அந்த அறநிலையம் இன்றும் குழந்தைகளுக்காக வேலை செய்கிறது.

லண்டனில் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் ஹோகார்த்தின் படமும், ஹாண்டலின் உயிலும், தாய்மார் வைத்த அடையாளப் பொருள்களும் இருக்கின்றன. பழைய அறை ஒன்றைச் சுவர் அலங்காரத்தோடு பெயர்த்து வந்து அங்கே அப்படியே அமைத்திருக்கிறார்கள். கட்டடம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வரப்போகிறது என்றதும் ஊர் திரண்டு பணம் சேர்த்து மீட்டது. 1936-லிருந்து அது குழந்தைகள் விளையாடும் மைதானம். வாசலில் ஒரு விதி உண்டு: பெரியவர்கள் தனியாக உள்ளே போக முடியாது, ஒரு குழந்தை கூட இருந்தால்தான் விடுவார்கள்.

லண்டனில் மகனோ மகளோ இருக்கும் சகோதரிகள் பேரக் குழந்தையைப் பார்க்கப் போனால், அரண்மனையையும் டவரையும் பார்த்த பிறகு, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். போக முடியாதவர்களும் ஒன்று செய்யலாம். நம் தெருவில் ஏதாவது ஒரு பெண்ணைப் பற்றி நாலு பேர் கூடிக் கதை பேசும்போது, அவள் கையில் இருக்கும் பிள்ளையை ஒரு நிமிஷம் பார்ப்போம். பேச வந்த வார்த்தை தானே அடங்கிவிடும்.

அடுத்த இதழில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் போகிறோம். எட்டாம் ஹென்றி மன்னரின் பெரிய சமையற்கட்டைச் சுற்றிப் பார்ப்போம். அடுப்பைக் கண்டதும் நமக்குக் கை பரபரக்கும் அல்லவா? அதுவரை வணக்கம்.